லைப்ரரி இலவசம்தான், எழுதியவரின் பெயரை அழிக்க அனுமதி இல்லை

வகுப்பறை ஏசிகளை நேரம் பார்த்து அணைக்கும் சிறு கருவியை ஓசூரில் தயாரிக்கும் ஒருவர், சென்ற வாரம் தம் ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் பதிக்கும் மென்பொருளை, சரிபார்த்துத் தரும்படி கேட்டார். கருவிக்குள் உள்ள மென்பொருள்களையும் அவற்றின் உரிமங்களையும் எழுதித் தருமாறு வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டிருந்தாராம். அகச்சிவப்புக் குறியீடுகளை அனுப்பும் கோப்பைத் திறந்தேன். எழுதியவர்களின் பெயர்களும் உரிமக் குறிப்பும் இருக்க வேண்டிய முதல் வரிகளில் இவருடைய நிறுவனத்தின் பெயரும் "அனைத்து உரிமைகளும் எங்களுக்கே" என்ற வாசகமும் இருந்தன. அதன் கீழே இருந்தவை அனைத்தும் எனக்கு நன்கு பழக்கமான ஐஆர்ரிமோட்இஎஸ்பி8266 என்ற லைப்ரரியின், அதாவது பிறரும் எடுத்துப் பயன்படுத்த எழுதி வைத்த நிரல் தொகுப்பின், வரிகள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பொறியியல் மாணவர்களின் புராஜெக்ட்டுகளை மதிப்பிடச் செல்லும்போது ஆண்டுதோறும் இதையே பார்க்கிறேன். விற்பனைக்குப் போகும் பொருளிலும் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

"எல்லாருக்கும் இலவசமாகத்தானே சார் போட்டிருக்கிறார்கள்?" என்று அவர் கேட்டார். இலவசம் என்பது விலையைப் பற்றிய செய்தி. உரிமையாளர் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. தோப்புக்காரர் "வேண்டிய மாம்பழத்தைப் பறித்துக்கொள்ளுங்கள், வேலியை மட்டும் பிரிக்காதீர்கள்" என்று சொன்னால், அதனால் தோப்பு நம் பெயருக்கு மாறிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தே காக்கிறது. பதிவு செய்தால்தான் உரிமை பிறக்கும் என்பதும் இல்லை, எழுதிய கணமே பிறந்துவிடுகிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும் "இதை எழுதியவன் நான்" என்று சொல்லும் உரிமையை 57ஆம் பிரிவு படைப்பாளியிடமே விட்டுவைக்கிறது. திறமூல உரிமம் என்பது, மூலநிரலை யாரும் பார்க்கவும் பயன்படுத்தவும் உரிமையாளர் சில நிபந்தனைகளுடன் தரும் அனுமதி. "உரிமமே எழுதப்படவில்லை, அதனால் தாராளமாக எடுக்கலாம்" என்று மாணவர்கள் சொல்வது இதைவிடப் பெரிய தவறு. உரிமம் எழுதப்படாத இடத்தில் அனுமதியே தரப்படவில்லை.

ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகைக்கான ஐஆர்ரிமோட் லைப்ரரியை 2009இல் வெளியிட்டவர் கென் ஷெரிஃப். அதன் 2.7.0 பதிப்பு வரை ஜிபிஎல் 2 உரிமம், 2.8.0 முதல் எம்ஐடி உரிமம். அதிலிருந்து கிளைத்த ஐஆர்ரிமோட்இஎஸ்பி8266 எல்ஜிபிஎல் 2.1 உரிமத்தில் வருகிறது. இவை மூன்றும் வெவ்வேறு நிபந்தனைகள் கொண்ட திறமூல உரிமங்கள். பெயர்கள் இவ்வளவு ஒத்திருப்பதால், எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் உரிமத்தைச் சொல்லவே முடியாது. ரிமோட்டுகளில் பரவலாக உள்ள என்இசி என்ற குறியீட்டு முறையில் ஒரு பொத்தானுக்கு 32 பிட் போதும். ஏசி ரிமோட்டோ பெரும்பாலும் ஒவ்வொரு அழுத்தலிலும் வெப்பநிலை, விசிறி, இயங்குமுறை அனைத்தையும் சேர்த்தே அனுப்புகிறது. டைகின் நிறுவன ஏசிகளின் ஒரு வகைக் குறியீடு மட்டும் 280 பிட் நீளம். எந்த பிட் எதைக் குறிக்கிறது என்று யாரோ ரிசீவரின் முன் அமர்ந்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் கண்டறிந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு ரிமோட்டிலிருந்து நீங்களே படித்தெடுத்த எண்ணை யாரும் உரிமை கோரப்போவதில்லை. அதைப் படித்துக் கொடுத்த நிரல் வேறொருவரின் உழைப்பு.

வீட்டு மேசையில் சோதித்துப் பார்க்கும்வரை இந்த உரிமங்கள் உங்களிடம் எதையும் கேட்பதில்லை. கருவி அடுத்தவர் கைக்குப் போகும்போதுதான் கடமை தொடங்குகிறது. எம்ஐடி என்றால் பதிப்புரிமை வரிகளையும் உரிம வாசகத்தையும் உடன் தர வேண்டும், பெட்டிக்குள் ஒரு தாள் போதும். ஜிபிஎல் 2 என்றால் ஃபர்ம்வேர் முழுவதன் மூலநிரலையும் உடன் தர வேண்டும், அல்லது குறைந்தது மூன்றாண்டுகளுக்குச் செல்லும்படி எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். எல்ஜிபிஎல் 2.1இல்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். கருவியை இயக்கும் சில்லான மைக்ரோகன்ட்ரோலரில் லைப்ரரியும் உங்கள் நிரலும் ஒரே பைனரியாக, அதாவது ஒரே இயந்திரமொழிக் கோப்பாக, இணைந்துவிடுவதால், வாங்கியவர் லைப்ரரியை மாற்றி மீண்டும் இணைத்துக்கொள்ள ஏதுவாக, லைப்ரரியின் மூலநிரலோடு உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது (இணைப்பதற்கு முன் உள்ள இயந்திரமொழிக் கோப்புகளையாவது) தர வேண்டும்.

"இதற்கெல்லாம் யார் கோர்ட்டுக்குப் போவார்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். பொம்மை ரயில்களை இயக்கும் டீகோடர் சில்லுகளுக்கான கோப்புகளை எழுதியவர்களின் பெயர்களை நீக்கிவிட்டுப் பயன்படுத்தியது குறித்து ஜேக்கப்சன் என்பவர் தொடுத்த வழக்கில், திறமூல உரிமத்தின் நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே கோப்பின் தலைக்குறிப்பைத் தொடாதீர்கள். நீங்கள் திருத்தியிருந்தால் உங்கள் பெயரையும் தேதியையும் அதன் கீழே சேருங்கள். லைப்ரரியின் பதிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். உரிமக் கோப்பைப் புராஜெக்ட்டிலேயே வைத்திருங்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: சர்க்கியூட் படத்தைப் பற்றிக் கேட்கும்போதே லைப்ரரி யாருடையது என்பதையும் தயவுசெய்து கேளுங்கள். பெயரை அழிக்கும் பழக்கம் அந்த மேசையில்தான் தொடங்குகிறது.

விதியை மீறினால் அனுமதி தானாகவே முடிந்துவிடும் என்கிறது எல்ஜிபிஎல் 2.1இன் 8ஆம் பிரிவு. ஆகவே ஓசூர்க்காரர் பெயர்களை மீண்டும் சேர்த்தது மட்டும் போதவில்லை. ஏற்கெனவே விற்ற கருவிகளைப் பற்றி மறைக்காமல் எழுதி, லைப்ரரியின் உரிமையாளர்களிடம் மீண்டும் அனுமதி கேட்கும் மின்னஞ்சலை என் முன்னால் அமர்ந்தே அனுப்பினார். பதில் வரும்வரை அடுத்த சரக்கை அனுப்புவதில்லை என்று நிறுத்தி வைத்திருக்கிறார்.