நடக்காத குழந்தைக்குத்தான் இடுப்பு எக்ஸ்ரே அவசியம்

பெருமூளை வாதம் (சி.பி.) உள்ள குழந்தைக்கு எட்டு, ஒன்பது வயதில்தான் முதல் இடுப்பு எக்ஸ்ரே. தொடை எலும்பின் தலை, அது பொருந்தியிருக்க வேண்டிய இடுப்பெலும்புக் கிண்ணத்தை விட்டு முழுசாக வெளியே நிற்கிறது. இத்தனை வருடம் ஏன் எடுக்கவில்லை என்றால் வரும் பதில் ஒன்றுதான்: "அவன்தான் நடக்கவே இல்லையே டாக்டர்." இந்தப் பதிலை இனியும் கேட்க மனம் தாங்கவில்லை.

பெருமூளை வாதத்தில் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்வதில்லை. அது உண்மை. அதை வைத்து "இனிமேல் மோசமாகாது, பிசியோ மட்டும் போதும்" என்று முடிவு கட்டுவதுதான் தவறு. தசை இறுகிக்கொண்டே போகும், எலும்பு திருகி வளரும், மூட்டு நழுவும். சி.பி. உள்ள குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு நழுவுகிறது. குழந்தையின் நடமாட்டத்தை வைத்து வகைப்படுத்தும் ஜிஎம்எஃப்சிஎஸ் அளவுகோலின் ஐந்து நிலைகளில், தானே நடந்து ஓடும் முதல் நிலைக் குழந்தைகளிடம் இது அபூர்வம். தலையே நிற்காத ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேர் வரைக்கும் வரும். ஆக, நடக்காத குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். இடுப்பு நடப்பதற்கு மட்டுமா? நேராக உட்கார, டயாபர் மாற்ற, குளிப்பாட்ட, ராத்திரி வலியில்லாமல் தூங்க, எல்லாவற்றுக்கும் அந்த மூட்டு வேண்டும்.

வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் வலிக்காது. டயாபர் மாற்றும்போது தொடைகளை அகட்ட முடியாமல் போவது, கால்கள் கத்திரிபோல் பின்னுவது, மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு முழங்காலையும் மடக்கினால் ஒன்று தாழ்ந்து தெரிவது, இவற்றைக் கவனியுங்கள். எதுவுமே தெரியாமலும் நழுவும். அதனால்தான் படம்.

ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் முதல் படம். மூன்று முதல் ஐந்தாம் நிலைக் குழந்தைகளுக்கு அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை; நிலையாக இருந்தால் இடைவெளியை டாக்டர் கூட்டுவார். எடுக்கும்போது இடுப்பு கோணாமல், முழங்கால் சில்லு மேலே பார்த்தபடி இருக்கவேண்டும். கால் நீளாத குழந்தைக்கு முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். கோணலான படத்தில் அளவு தப்பாக வரும், எடுத்தும் பயனில்லை. எலும்புத் தலையில் 30 சதவீதத்துக்கு மேல் கிண்ணத்துக்கு வெளியே இருந்தால் குழந்தைகளுக்கான ஆர்த்தோ டாக்டரிடம் உடனே காட்டுங்கள். ஆரம்பத்திலேயே போனால் பல குழந்தைகளுக்கு உள்தொடைத் தசையைத் தளர்த்தும் சிறிய ஆபரேஷனோடு நிறுத்திப் பார்க்கலாம். தாமதித்தால் எலும்பை வெட்டித் திருப்பிப் பிளேட் வைக்க வேண்டியிருக்கும்.

போடாக்ஸ் ஊசி இறுக்கத்தைக் குறைக்கும், சுமார் மூன்று மாதத்துக்கு. அந்த இடைவெளியில் பயிற்சியும், காலைச் சரியான நிலையில் தாங்கும் ஸ்ப்ளின்ட்டும் சேர்ந்தால்தான் பலன். இடுப்பு நழுவுவதை ஊசி மட்டும் தடுக்காது. தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென் மாத்திரையைத் திடீரென நிறுத்தக்கூடாது. இறுக்கம் பல மடங்காகத் திரும்பும், காய்ச்சலும் வலிப்பும் வரலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மருந்துப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

எண்ணெய் தேய்த்துக் காலை நீவி, இழுத்து அகட்டுபவர்களிடம் கொண்டுபோகவே போகாதீர்கள். நிற்காத குழந்தையின் எலும்பு மெலிந்திருக்கும். பலமாக இழுத்தால் தொடை எலும்பு முறியும். ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நகையை அடகு வைக்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே நோயாளிக்கு அதைக் கொடுப்பது முறையற்றது என்று 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. நம் பாட்டிமார்கள் செய்ததுபோல இடுப்பில் கால் அகட்டி உட்காரவைத்துத் தூக்குங்கள், அது நல்லது.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமான நிப்மெட், கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் மையம் என்று போகுமிடமெல்லாம் பழைய படங்களையும் எடுத்துப் போங்கள். கிண்ணத்துக்கு வெளியே இருப்பது இந்த முறை 28 சதவீதம், போன முறை 15 என்றால் அது அவசரம். இரண்டு முறையும் 28 என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பழைய படம் இல்லாமல் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது.