ஆன்லைன் கவுன்சலிங்கைப் பாதியில் விடப்போகிறவரை முன்கூட்டியே தெரியுமா?

குடியை நிறுத்த என்னிடம் ஆன்லைன் கவுன்சலிங்குக்கு வந்த ஒருவர், மூன்றாவது செஷனில் போனை மல்லாக்க வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்தது சீலிங் ஃபேன் மட்டும்தான். "நெட்வொர்க் சரியில்லை மேடம்" என்றார், குரல் என்னவோ தெளிவாகக் கேட்டது. அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை, அப்புறம் அவர் மனைவி கூப்பிட்டபோதுதான் அந்த செஷனுக்கு முந்தைய ராத்திரியே அவர் குடித்துவிட்டிருந்தார் என்று தெரிந்தது. முகத்தைக் காட்டக் கூசியிருக்கிறார். அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும்.

குடியை நிறுத்த ஆன்லைனில் வருகிறவர்களில் பாதியில் நின்றுவிடுகிறவர்கள் நிறைய. இணையவழிச் சிகிச்சை எல்லாவற்றிலும் இப்படித்தான், 2005-லேயே குந்தர் ஐசன்பாக் என்ற ஆய்வாளர் இதைத் 'தேய்மான விதி' என்று எழுதினார். நேரில் வருகிறவர் பஸ் பிடித்து வந்து காத்திருந்து உட்கார்ந்திருப்பார், சட்டென்று எழுந்து போக மாட்டார். போனில் ஒரு சிவப்பு பட்டன் போதும். வராதவரை "அவருக்கு அக்கறை இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் நான் பார்த்தவரை அது பெரும்பாலும் உண்மை இல்லை. நெதர்லாந்தில் இப்படி விட்டவர்களிடமே காரணம் கேட்டார்கள். சொந்தச் சிக்கல்கள், சிகிச்சை முறை ஒத்துவராதது, இவற்றோடு 'எனக்கு இப்போதே தேவலை' என்பதும் முக்கியக் காரணமாக வந்தது. "பத்து நாளா தொடவே இல்லை மேடம், இனி பிரச்சினையே இல்லை" என்று ஒருவர் உற்சாகமாகச் சொல்லும்போது சந்தோஷத்தோடு கொஞ்சம் பயமும் எனக்கு வருவது அதனால்தான்.

ஆடிட் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவத்தை நான் எல்லோருக்கும் கொடுக்கிறேன், மொத்தம் 40 மதிப்பெண். குடி எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அது சொல்லும், யார் தொடர்ந்து வருவார் என்று சொல்லாது. அதற்கு நான் பார்ப்பது வேறு: அப்பாயின்ட்மென்ட் போட்டது அவரா, மனைவியா, அக்காவா? தனியாகப் பேச வீட்டில் இடம் இருக்கிறதா, அல்லது மாமியார் காதில் விழும் என்று "ம், ம்" என்றே முடிக்கிறாரா? முன்பு உடனே பதில் போட்டவர் இப்போது நீல டிக்கோடு நிறுத்திவிடுகிறாரா?

ஒரு மௌனத்தை மட்டும் பொறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து குழம்பிப்போகலாம், உயிரே போகலாம். அந்த நாட்களில் அவர் போனை எடுக்கவில்லை என்றால் நான் உடனே வீட்டாரைக் கூப்பிட்டு, ஆளைப் பார்க்கச் சொல்கிறேன். அதற்காகவே ஒரு வீட்டார் நம்பரை முதல் நாளே அவர் சம்மதத்தோடு வாங்கிவிடுகிறேன், இப்படிப்பட்டவர் மருத்துவரைப் பார்க்காமல் தானாக நிறுத்தக் கூடாது என்றும் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் முதல் நாளே கேட்கிறேன்: "எந்த வாரம் நீங்க வராம போயிடுவீங்கன்னு தோணுது?" ஆச்சரியமாக இருக்கும், சரியாகச் சொல்வார்கள். சம்பள நாள். மச்சான் கல்யாணம். ஊர்த் திருவிழா. ஒருவர் யோசித்துவிட்டு, "குடிச்சிட்டா வர மாட்டேன் மேடம், உங்க முன்னாடி எப்படி உக்கார்றது" என்றார். இதைவிட நல்ல முன்னறிவிப்பு எந்தப் படிவத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. அந்தத் தேதிக்கு முந்தைய நாள் பத்து நிமிஷப் பேச்சு ஒன்றைக் குறித்துவைத்துக்கொள்கிறோம். குடித்துவிட்டால் மறுநாள் கட்டாயம் வர வேண்டும், திட்ட மாட்டேன், கேமரா வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: அவர் செஷனைத் தவறவிட்டால் சண்டை போடாதீர்கள், கவுன்சலருக்கு ஒரு வரி அனுப்புங்கள். கவுன்சலர் இன்னும் யாரும் இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே தேசிய உதவி எண் 14446-ம் இருக்கிறது. வலிப்பு, குழப்பம் தெரிந்தால் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே 108.