கடைசி 300 மீட்டர்: நீர்மூழ்கி வேட்டையில் இருந்த ஓட்டை

சினிமாவில் நீர்மூழ்கி வேட்டை ரொம்ப சுலபம். டிங் டிங் என்று சோனார் சத்தம் கேட்கும், டெஸ்ட்ராயர் கப்பல் நேராக மேலே போய் நிற்கும், பின்பக்கத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் குண்டு உருளும், தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும், கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மிதக்கும், முடிந்தது. நிஜத்தில் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை நடத்திய டெப்த் சார்ஜ் (நீருக்குள் ஆழத்தில் வெடிக்கும் அந்தப் பீப்பாய்க் குண்டு) தாக்குதல்களில் ஏறக்குறைய 60க்கு ஒன்றுதான் நீர்மூழ்கியை மூழ்கடித்தது. மாலுமிகளுக்குத் திறமை போதவில்லை என்று நினைக்க வேண்டாம். குண்டு போடும் அந்த நேரத்தில் நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்று மேலே இருக்கும் கப்பலுக்குத் தெரியவே தெரியாது, அதுதான் சிக்கல்.

ஏன் என்று பார்க்க முதலில் சோனாரைப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் அன்றைக்கு அதை ஆஸ்டிக் என்பார்கள். கப்பலின் அடியில் ஒரு கூண்டு, அதற்குள் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே குவார்ட்ஸ் படிகங்கள். மின்சாரம் பாய்ச்சினால் படிகம் அதிரும், அதிர்வு ஒலியாகத் தண்ணீரில் போகும், எதிலாவது பட்டுத் திரும்பி வந்தால் அதே படிகம் அதை மறுபடி மின்சாரமாக்கிக் கேட்பவர் காதில் போடும். கடல்நீரில் ஒலி நொடிக்கு சுமார் 1500 மீட்டர் போகிறது, ஆகவே 2 நொடி கழித்து எதிரொலி வந்தால் எதிரி 1500 மீட்டர் தூரத்தில் இருக்கிறான். போய்வர இரண்டு வழி, அதை மறந்துவிடக் கூடாது. எதிரொலியின் சுருதி ஏறியிருந்தால் நம்மை நோக்கி வருகிறான், இறங்கியிருந்தால் விலகிப் போகிறான். ரயில் ஹாரனில் நாம் கேட்கும் அதே டாப்ளர் விளைவுதான். திமிங்கிலமும் மீன் கூட்டமும்கூட எதிரொலி கொடுக்கும், வெப்பநிலை மாறும் நீரடுக்குகள் ஒலியை வளைத்துவிடும், இதையெல்லாம் பிரித்தறிவது காதின் வேலை.

தூரமும் திசையும் கிடைத்துவிட்டன. ஆழம்? போரின் முதல் பாதியில் இருந்த ஆஸ்டிக் அதைச் சொல்லாது. இன்னொரு தொல்லை, அதன் ஒலிக்கற்றை முன்னோக்கிப் போகும், கீழே செங்குத்தாகப் போகாது. கப்பல் நெருங்க நெருங்க நீர்மூழ்கி கற்றைக்கு அடியில் நழுவிவிடும், எதிரொலி நின்றுவிடும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் நழுவும். எந்தத் தூரத்தில் எதிரொலி நின்றது என்பதை வைத்துத்தான் ஆழத்தையே குத்துமதிப்பாக ஊகிப்பார்கள்!

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நீர்மூழ்கி 100 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, 300 மீட்டர் தூரத்தில் எதிரொலி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பல் அந்த 300 மீட்டரைக் கடக்க சுமார் 39 நொடி. குண்டை விழ விட்டால் அது நொடிக்கு 3 மீட்டர் வீதம்தான் அமிழும், 100 மீட்டர் இறங்க இன்னும் 33 நொடி. மொத்தம் 72 நொடி. தலைக்கு மேலே புரொப்பல்லர் சத்தம் நெருங்குவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீர்மூழ்கிக் கேப்டன் அதற்குள் 6 நாட் வேகத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் 200 மீட்டருக்கு மேல் போய்விடலாம். 130 கிலோ வெடிமருந்து உள்ள குண்டு நீர்மூழ்கியின் உடலைக் கிழிக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 6, 7 மீட்டருக்குள் வெடித்தாக வேண்டும். இந்தக் கணக்கில் 60க்கு ஒன்று கிடைத்ததே பெரிய விஷயம் என்பேன்.

குண்டுக்குத் தன் ஆழம் எப்படித் தெரியும் என்றால், தண்ணீரின் அழுத்தத்தால். 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும்; முன்கூட்டியே அமைத்த அழுத்தம் வந்ததும் உள்ளே பிஸ்டல் என்கிற அமைப்பு தட்டிவிடும். போரின் தொடக்கத்தில் அதன் அதிகபட்ச ஆழம் சுமார் 150 மீட்டர். யூ-போட் எனப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகள் 200 மீட்டரைத் தாண்டி இறங்கின. போதாக்குறைக்கு வெடித்த குண்டுகள் கடலைக் கலக்கிவிடுவதால் அப்புறம் பல நிமிடங்களுக்கு ஆஸ்டிக்கில் ஒன்றும் தெளிவாகக் கேட்காது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. ஆஸ்டிக் தண்ணீருக்குள் இருப்பவனைத் தேடும் கருவி. ராத்திரியில் மேற்பரப்பிலேயே மிதந்து வந்தால்? யூ-99 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் கேப்டன் ஓட்டோ கிரெட்ச்மர் அதைத்தான் செய்தார். 1941 மார்ச் 16 இரவு, ஐஸ்லாந்துக்குத் தெற்கே, ஹாலிஃபாக்ஸிலிருந்து பிரிட்டன் போய்க்கொண்டிருந்த எச்எக்ஸ் 112 என்ற கான்வாயின் (காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்கள்) வரிசைகளுக்குள்ளேயே யூ-99 நுழைந்து ஐந்து கப்பல்களை மூழ்கடித்தது. காவலுக்குத் தலைமை எச்எம்எஸ் வாக்கர், முதல் உலகப்போர்க் காலத்து டெஸ்ட்ராயர். கேப்டன் டொனால்ட் மேக்கின்டயர். கப்பல்கள் ஒவ்வொன்றாக வெடிக்க, சுட்டவன் எங்கே என்று தெரியாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

17ஆம் தேதி அதிகாலையில் கதை திரும்பியது. ஏற்கெனவே அடிவாங்கியிருந்த இன்னொரு ஜெர்மன் நீர்மூழ்கி யூ-100 மேலே வர, கூட வந்த வானாக் என்ற டெஸ்ட்ராயரின் ரேடார் அதைப் பிடித்தது. அந்த ரேடாரின் ஆன்டெனா சுழலக்கூட சுழலாது, பார்க்க வேண்டிய திசைக்குக் கப்பலையே திருப்ப வேண்டும், அவ்வளவு ஆரம்பகாலச் சரக்கு. ஆனாலும் இருட்டில் அது போதும். வானாக் நேராகப் போய் மோதியது, யூ-100 அதன் கேப்டன் ஷெப்கேயோடு மூழ்கியது.

வானாக் நின்று, தப்பியவர்களைத் தூக்கிக்கொண்டிருக்க, வாக்கர் அதைச் சுற்றிக் காவல் வந்தது. பக்கத்திலேயே யூ-99. அங்கே காவலில் இருந்த அதிகாரி டெஸ்ட்ராயரைப் பார்த்துப் பதறி, மேற்பரப்பிலேயே விலகிப்போக வேண்டும் என்ற கேப்டனின் நிரந்தர உத்தரவை மீறி, நீருக்குள் இறக்கிவிட்டார். என் பார்வையில் அந்த இரவின் தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. மேலே இருந்தவரை ஆஸ்டிக்குக்குத் தெரியாமல் இருந்த நீர்மூழ்கி, தானாகவே அதன் எல்லைக்குள் வந்துவிட்டது. எதிரொலி வந்தபோது இவ்வளவு பக்கத்தில் இன்னொன்றா என்று மேக்கின்டயருக்கே நம்பிக்கை இல்லை, இருந்தாலும் ஆறு குண்டுகளைப் போட்டார். ஆழத்தில் நசுங்கவிருந்த யூ-99 தன் தண்ணீர்த் தொட்டிகளைக் காலி செய்து மேலே வந்தது. 43 பேரில் 40 பேர் உயிரோடு பிடிபட்டார்கள், கிரெட்ச்மர் உட்பட.

கடைசி 300 மீட்டர் பிரச்சினை மட்டும் தீரவில்லை. அதற்கு ஒரு தந்திரத்தை பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிரெடரிக் ஜான் வாக்கர் கையாண்டார் (எச்எம்எஸ் வாக்கருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை). ஒரு கப்பல் தூரத்திலேயே நின்று ஆஸ்டிக்கில் பிடியை விடாமல் வைத்திருக்கும். இன்னொன்று ஆஸ்டிக்கை அணைத்து, மெதுவாக, சத்தமில்லாமல் நீர்மூழ்கிக்கு மேலே ஊர்ந்து போகும். முதல் கப்பல் சொல்லும்போது இது குண்டைக் கொட்டும். கீழே இருப்பவனுக்குக் கேட்பது தூரத்து டிங் சத்தம் மட்டும்.

இன்னொரு வழி, குண்டை முன்னால் எறிவது. ஹெட்ஜ்ஹாக் என்ற ஆயுதம் 24 சிறு குண்டுகளை 200 மீட்டருக்கும் அப்பால் வட்டமாக வீசியது, எதிரொலி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே. நீர்மூழ்கியில் பட்டால்தான் வெடிக்கும், படாவிட்டால் சத்தமே இல்லை, ஆகவே கடலும் கலங்காது. மாலுமிகளுக்கு முதலில் இது பிடிக்கவில்லை, பெரிய வெடிச்சத்தம் இல்லாமல் என்ன போர் என்ற மனநிலை. ஆனால் சுமார் 6 தாக்குதலுக்கு ஒன்று பலித்தது. 1944 மே மாதம் அமெரிக்காவின் இங்கிலாந்து என்ற சிறு காவல் கப்பல் இதை வைத்து 12 நாளில் ஆறு ஜப்பானிய நீர்மூழ்கிகளை முடித்தது.

கடைசியாக வந்தது ஸ்க்விட் என்ற இன்னொரு குண்டுவீசி. ஆழத்தையும் அளக்கும் புது சோனாரோடு அது இணைக்கப்பட்டிருந்தது. குண்டுகள் எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்பதை அந்த சோனாரே நேரடியாக அமைத்துவிடும், ஊகத்துக்கு வேலையில்லை. 1944 ஜூலை 31 அன்று லாக் கில்லின் என்ற கப்பல் யூ-333ஐ அதால் மூழ்கடித்தது, அதுதான் ஸ்க்விட்டின் முதல் வெற்றி.