48 எப்படி 46 ஆனது?

மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் மனித செல்லில் எத்தனை? பெங்களூரு அல்சூரிலோ சிவாஜிநகரிலோ, 90 வயதை நெருங்கும், கல்லூரியில் உயிரியல் படித்த தாத்தா வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 48 என்று சொன்னால் மறதி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் படித்த காலத்துப் பாடம் அதுதான். பேத்தி படிப்பது 46. இடையில் மாறியது உடம்பு அல்ல, எண்ணும் முறை.

48ஐ 1923இல் நிலைநாட்டியவர் அமெரிக்காவின் தியோஃபிலஸ் பெயின்டர். விந்தகத் திசுவை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி எண்ணினார். கத்தி சில குரோமோசோம்களைத் துண்டாக்கும். மிச்சம் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். குழைந்த சேமியாவில் இழை எண்ணுகிற பாடு. தெளிவான செல்களில் 46தான் தெரிகிறது என்று 1921இல் அவரே எழுதியிருந்தார்!

1952இல் உயிரியலாளர் டி.சி. சூவின் டெக்சாஸ் ஆய்வகத்தில் உப்புக்கரைசல் தவறுதலாக நீர்த்துப்போனது. செல்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பின, குரோமோசோம்கள் விலகி நின்றன. அப்போதும் அவர் 48 என்றே எழுதினார். 1955 டிசம்பரில் சுவீடனின் லுண்டில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் இந்த உத்தியோடு கோல்சிசினையும் சேர்த்தார்கள். நம் செங்காந்தளில் இருக்கும் அதே நஞ்சுதான். செல் பிரிவதை நடுவழியில் நிறுத்திவிடும். எண்ணினால் 46. அதே ஊரில் கருவின் ஈரல் செல்களைப் பார்த்த வேறொரு குழு, 48 அகப்படவில்லை என்று முன்பே ஆய்வைக் கைவிட்டிருந்தது. கையில் இருந்த விடையைப் பிழை என்று நினைத்துவிட்டார்கள். படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. 46 உறுதியான பிறகுதான், 1959இல், டவுன் நோய்க்குறியில் 47 இருப்பது தெரிந்தது.

இன்று பெங்களூரு ஆய்வகங்களில் குரோமோசோம் பரிசோதனைக்குச் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். ரத்தத்தைப் பச்சை மூடிக் குழாயில், உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினோடு எடுக்க வேண்டும். ஊதா மூடிக் குழாயில் உள்ள ஈடிடிஏவும் உறைவதைத் தடுக்கும், ஆனால் செல் வளர்ச்சியைக் கெடுக்கும். ராஜ்மாவிலிருந்து எடுத்த புரதம் வெள்ளையணுக்களைப் பிரியத் தூண்டும். 37 டிகிரியில் 72 மணி நேரம் வளர்த்து, கடைசியில் கோல்சிசின் வகை மருந்து. பிறகு செல்களை உப்பவைக்க, நீர்த்த உப்புக்கரைசலான 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் சுமார் 20 நிமிடம். குறைந்தால் குரோமோசோம்கள் ஒட்டிக் கிடக்கும். கூடினால் செல் முன்கூட்டியே வெடிக்கும். மெத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்து செல்களை நிலைப்படுத்தி, கண்ணாடியில் சொட்டுவார்கள்.

இந்தச் சொட்டில்தான் ஊரின் காற்று குறுக்கிடும். மார்ச் மாத வறட்சியில் சொட்டு சட்டென்று காய்ந்து, குரோமோசோம்கள் விரியாமல் குவிந்துவிடும். ஈரத்துணியோ வெந்நீர் ஆவியோ பக்கத்தில் வேண்டும். ஒரு செல்லில் 45 வந்தால் பதற வேண்டியதில்லை. செல் கண்ணாடியில் விழுந்து வெடித்தபோது ஒன்று சிதறியிருக்கலாம். அதனால்தான் வழக்கமாக 20 செல்களை எண்ணுகிறார்கள்.