ஆன்டெனா: பாய்மரத்தில் பிறந்த சொல்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடி. ராத்திரி ஏழு மணி ஆனால் இணையம் படுத்துவிடுகிறது என்று புலம்பியதற்கு, வயர்லெஸ் இணைப்புக் கொடுக்கும் தம்பி வந்து, கம்பத்தில் இருந்த சிறிய பேனலைக் கழற்றிவிட்டு 60 செ.மீ. டிஷ் ஒன்றை மாட்டினார். "சிக்னல் பத்தலையாப்பா?" என்றேன். "சிக்னலெல்லாம் இருக்குண்ணே. மத்தவங்க சத்தமும் சேர்ந்து வருது. இது அதைக் கேக்காது" என்றபடி செல்போனைக் காட்டினார். முன்பு சிக்னல் −60, இரைச்சல் −72. இப்போது −54, −88. இந்த டெசிபல் கணக்கில் பூச்சியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும். 10 எண் விலகினால் பத்து மடங்கு. சிக்னல் ஏறியது கொஞ்சம்தான். இரைச்சல் இறங்கியதுதான் பெரிது.

கேட்காமல் இருப்பதற்காகவே ஒரு ஆன்டெனா. நாம் அதற்கு வைத்திருக்கும் பெயரோ அலைவாங்கி!

லத்தீனில் ஆன்டெனா என்றால் பாய் கட்டும் குறுக்குமரம். கப்பல் தமிழில் அதன் பெயர் பருமல். கிரேக்கத்தில் மாட்டின் கொம்பு 'கெராஸ்'. அதிலிருந்து பிறந்த 'கெராயியா' என்ற சொல்லைக் கிரேக்கர்கள் அந்தக் குறுக்குமரத்துக்கு ஆண்டார்கள். அரிஸ்டாட்டில் பூச்சியின் தலையில் நீண்டிருக்கும் மீசையையும் அப்படித்தான் சொன்னார். 15ஆம் நூற்றாண்டில் அவருடைய விலங்கு நூல்களை லத்தீனாக்கிய தியோடோர் காசா, கொம்பை விட்டுவிட்டுக் குறுக்குமரத்தை எடுத்துக்கொண்டார். அப்படித்தான் கரப்பான்பூச்சிக்கு ஆன்டெனா முளைத்தது. நம் பாடநூல்கள் 'உணர்கொம்பு' என்று எழுதி, தெரிந்தோ தெரியாமலோ கிரேக்கரின் கொம்புக்கே திரும்பிவிட்டன. வானொலிக்கு இந்தச் சொல் வந்தது இத்தாலிய மொழி வழியாக. அங்கே ஆன்டெனா என்றால் நெட்டையான கம்பம். 1890களில் மார்க்கோனி கம்பத்தில் கம்பியைக் கட்டிச் சோதனை செய்தார். கம்பத்தின் பெயர் கம்பிக்கு ஏறிவிட்டது.

தமிழில் வான்கம்பி, அலைக்கம்பம், அலைவாங்கி என மூன்றும் புழங்குகின்றன. வான்கம்பி பழைய வானொலிப் பெட்டியின் ஏரியலுக்குப் பொருத்தம். டிஷ்ஷைப் பார்த்துக் கம்பி என்று எப்படிச் சொல்வது? அலைக்கம்பம் என்றால் டவரோடு குழம்பும். நிலைத்தது அலைவாங்கிதான். அதோடு எனக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு. ஆன்டெனா வாங்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும். எந்தத் திசையில் நன்றாக அனுப்புமோ அந்தத் திசையில்தான் நன்றாகக் கேட்கும். கூடவே, வேண்டாததைத் தள்ளவும் வேண்டும். பெயரில் அது இல்லை.

டெல்டாவில் இந்தத் தள்ளும் வேலைதான் முக்கியம். மேடு, மலை இருக்கும் ஊரில் பக்கத்து ஊர் அலையை மலையே மறித்துவிடும். இங்கே தென்னைக்கு மேலே ஏறிவிட்டால் தடுக்க ஒன்றுமில்லை. ஒரு டவரின் அலை இன்னொரு டவரை நேராகப் பார்க்கும். 2018இல், இந்த வயர்லெஸ் இணைப்புகள் ஓடும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதிக்கு உரிமம் தேவையில்லை என்று ஆனபின், யாரும் கட்டலாம், எல்லோரும் பேசலாம். திருவிழாவில் நாலு பந்தலிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய கதை. சத்தத்தைக் கூட்டினால் பக்கத்துப் பந்தலும் கூட்டும்.

ஆகவே திசையைச் சுருக்க வேண்டும். நாலா பக்கமும் கேட்கும் ஆம்னி இந்தச் சமவெளியில் ஊர் வம்பையெல்லாம் இழுத்து வரும். 5.8 கிகாஹெர்ட்ஸில் 30 செ.மீ. டிஷ்ஷின் பார்வை ஏறக்குறைய 12 பாகை, 60 செ.மீ. என்றால் 6 பாகை. அதற்கு வெளியே இருப்பவன் கத்தினாலும் மெல்லத்தான் கேட்கும். ஆனால் பார்வை குறுகக் குறுக, கம்பம் ஆடக்கூடாது. ஐப்பசிக் காற்றுக்கு மெல்லிய ஜிஐ பைப் போதாது.

டவரில் டிஷ் உதவாது, வாடிக்கையாளர் வீடுகள் பரவிக் கிடக்கின்றனவே. அங்கே 60, 90 பாகைக்கு விசிறி போல அலையை விரிக்கும் செக்டர் ஆன்டெனா மாட்டுவார்கள். சாதாரண செக்டரின் குறை, பின்னாலும் பக்கத்திலும் கசியும். ஒரே டவரில் மாட்டிய நாலும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்கும். வாய் அகன்ற புனல் போன்ற ஹார்ன் வகையில் இந்தக் கசிவு மிகக் குறைவு. கெயின், அதாவது ஒரு திசையில் அலையைக் குவிக்கும் வலு, செக்டரைவிடச் சற்றுக் குறைந்தாலும் நெரிசலான டவரில் நான் ஹார்னுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

இந்த ஹார்னுக்குத் தமிழ் தேட வேண்டியதில்லை. கூம்பு ஒலிபெருக்கி என்று ஏற்கெனவே சொல்கிறோம். இதையும் கூம்பு என்றே சொல்லலாம். கூம்புதல் என்றால் குவிதல். அலையைக் குவிப்பதுதானே இதன் வேலை. இன்னொரு பொருத்தமும் உண்டு. புறநானூற்றின் 30ஆம் பாடல், பாயையும் கூம்பையும் கழற்றாமலே புகாருக்குள் நுழையும் பெருங்கப்பலைச் சொல்கிறது. காவிரி கடலில் சேரும் அந்த ஊரில் கூம்பு என்றால் பாய்மரம். ஆன்டெனா என்ற பருமலைக் கட்டுவது அந்தக் கூம்பில்தான்.