ஹார்ன் அடிச்சா பேட்டரி நல்லா இருக்குன்னு அர்த்தமா?

ஸ்டார்ட் ஆகாத ஒரு காருக்கு ஏழு மாதத்தில் இரண்டு புது பேட்டரி. மூன்றாவது எந்த கம்பெனி வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். சாவியைத் திருப்பினால் அதே ஒற்றை ‘டக்’. கடைசியில் பழுது எங்கே? கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் ஒரு முழ நீள எர்த் பட்டையில், அதாவது கரண்ட் பேட்டரியின் நெகடிவுக்குத் திரும்பும் வழியில். போல்ட்டைச் சுற்றித் துரு, உள்ளே இழைகள் கறுத்துப் போயிருந்தன. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

“லைட் எரியுது, ஹார்ன் அடிக்குது, பேட்டரியில ஒண்ணும் இல்ல சார்” என்பார் ஒருவர். “ஸ்டார்ட் ஆகலையா, பேட்டரியை மாத்திடு” என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். முதலாமவருக்காக ஒரு கணக்கு. 55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டும் சேர்ந்து இழுப்பது 9, 10 ஆம்பியர். ஹார்னும் அந்த அளவுக்குள்தான். சின்ன பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும், டீசல் அதற்கும் மேல். சொட்டுச் சொட்டாய் வரும் குழாயும் குடத்தை நிறைக்கும், ஆனால் கூரை பற்றிக்கொண்டால் அதை நம்ப முடியுமா? செல் செத்த பேட்டரியிலும் ஹார்ன் அடிக்கும். பாட்டுகூடப் பாடும்.

லைட்டைப் பார்ப்பதானால் சாவியைத் திருப்பும்போது பாருங்கள். வெளிச்சம் மங்கி அணையப் போனால், அல்லது ‘டக்டக்டக்’ என்று வேகமாக அடித்துக்கொண்டால், சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் லூஸ். வெளிச்சம் அசையாமல் நிற்க, ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால், கரண்ட் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை. எர்த், ஸ்டார்ட்டர் கேபிள், சாலினாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) என்று தேட வேண்டும். அங்கே புது பேட்டரி போட்டு என்ன பயன்?

400 ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள், அதன்பிறகுதான் தீர்ப்பு. முக்கியமான அளவு ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பார்ப்பது. 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். முழு சார்ஜ் இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தால் மாற்றத்தான் வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். (புது மாடல்கள் சில, பேட்டரி நிறைந்ததும் தாமே குறைத்துக்கொள்ளும். ஏசியும் ஹெட்லைட்டும் போட்டுவிட்டுப் பாருங்கள்.)

எர்த்தைச் சோதிக்க: மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகடிவ் ஈயக் குமிழ்மேல். கிளாம்ப் மேல் அல்ல, குமிழ்மேலேயே. இன்னொரு முனை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில். ஸ்டார்ட் பண்ணும்போது 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 1, 2 என்று காட்டினால் அகப்பட்டுவிட்டது. மீட்டரே இல்லையா? ஜம்பர் கேபிளின் கறுப்பு ஒயரை நெகடிவிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கில் மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்கள். கிளம்பிவிட்டால் பட்டையை மாற்றுங்கள்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஸ்பேனரால் தட்டி உதிர்ப்பது சுத்தம் செய்வதாகாது. 10 நம்பர் ஸ்பேனர் எடுத்து முதலில் நெகடிவைக் கழற்றுங்கள், பிறகு பாசிடிவ். மாட்டும்போது பாசிடிவ் முதலில். கை மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், தயவுசெய்து. ஆப்ப சோடா கலந்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றுகிற ‘டெஸ்ட்’ இன்னும் சாகவில்லை. அம்பாசிடர் காலத்தில் தப்பித்தீர்கள். இப்போது அந்த நொடியில் எகிறும் வோல்டேஜில் ஈசிஎம் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) போனால், பேட்டரி விலையைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டிவரும். யாராவது கை வைத்தால் தடுங்கள்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் பேட்டரியை மறந்துவிடுங்கள். சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கம் இரண்டு மூன்று வினாடி ‘ஙொய்ய்’ என்று பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்கிறதா? இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பம்ப். டாஷ்போர்டில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) லைட் மின்னுகிறதா? சாவி பிரச்சினை. நாலு நாள் எடுக்காத வண்டி என்றால் பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கை இருக்கிறதா பாருங்கள். சிரிக்க வேண்டாம், ஒயர் கடித்துப் போன வண்டி வராத மாதமே இல்லை. 10 வினாடிக்கு மேல் சாவியைப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள். ஒரு நிமிஷம் விட்டு அடுத்த முறை. சத்தமே வராவிட்டால் கிளச்சை முழுக்க மிதியுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் கியரை ‘பி’யில் வையுங்கள். இதற்காகவே டோ செய்து கொண்டுவருகிறார்கள்.

இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது: சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பாசிடிவில், அடுத்து நல்லதன் பாசிடிவில். கறுப்பு நல்லதன் நெகடிவில், கடைசி முனை செத்த வண்டியின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியைவிட்டுத் தள்ளி. லாரியிலிருந்து எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் 24 வோல்ட்.

தினமும் காலையில் ஜம்ப் கேட்கும் வண்டியில் ஏதோ ஒன்று ராத்திரியெல்லாம் கரண்ட் குடிக்கிறது. பெரும்பாலும் நேரடியாக இழுத்த டாஷ்கேம், வெளியில் போட்ட மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ் டிராக்கர். 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம். 500 என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் அவர் (Ah). 35 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்று நாள் தாங்காது. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, நெகடிவ் ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டி, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் அளவு இறங்குகிறதோ, அந்த லைன்தான். மீட்டர் நடுவில் இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும்.