மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர்

எங்கள் தெருவில் நடைபாதை போட வந்தவர்கள், வாசலில் நிற்கும் புங்க மரத்தின் அடிவரை பேவர் பிளாக் பதித்துவிட்டுப் போனார்கள். பட்டைக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த விரலளவு இடுக்கையும் சிமென்ட் பூசி அடைத்திருந்தார்கள். மறுநாள் காலை வாளியோடு போன அம்மா அப்படியே நின்றுவிட்டார். "இனிமே தண்ணி எங்க ஊத்துறது?"

இதைப் பற்றி ஏற்கெனவே ஓர் உத்தரவு இருக்கிறது. டெல்லியின் சாலையோர மரங்கள் குறித்த வழக்கில், 2013 ஏப்ரலில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற வேண்டும், அந்த வட்டத்துக்குள் புதிதாக எதையும் கட்டவும் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்குள்ள அமைப்புகளுக்குச் சொன்னது. தண்ணீர் ஊற்ற மட்டும் இடம் வேண்டுமென்றால் ஒரு சாண் போதும். ஒரு மீட்டர் எதற்கு?

நல்ல தோட்டத்து மண்ணை ஒரு படி அள்ளினால் அதில் ஏறக்குறைய பாதிதான் மண்ணும் மட்கும். மீதிப் பாதி வெறும் இடுக்குகள். பெரிய இடுக்குகளில் காற்று நிற்கும், சிறியவற்றில் நீர் தங்கும். வேர் பிழைப்பது இவற்றை நம்பித்தான். இலை பகலில் சர்க்கரை தயாரித்துக் கீழே அனுப்புகிறது. அதை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால்தான் வேரால் வளரவும் உப்புகளை உறிஞ்சவும் முடியும். ஆக, வேரும் நம்மைப்போல மூச்சுவிடுகிறது. ஆக்சிஜனை வாங்கிக் கரியமில வாயுவை வெளியே விடுகிறது. இந்தப் போக்குவரத்து முழுவதும் மண்ணின் மேற்பரப்பு வழியாகத்தான் நடக்க வேண்டும்.

நடைபாதை போடும்போது முதலில் மண்ணை இயந்திரத்தால் அதிரவைத்து இறுக்குகிறார்கள். அப்போது முதலில் நசுங்குவது காற்று நிற்கும் பெரிய இடுக்குகள். மிஞ்சும் சிறிய இடுக்குகளில் நீர் அடைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். அப்புறம் மேலே கல்லும் சிமென்டும் மூடியாக வந்து உட்கார்கின்றன. மரம் உடனே சாவதில்லை, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. நுனிக் கிளைகள் காய்வதும் இலை சிறுப்பதும் சில ஆண்டுகள் கழித்துத் தெரியும். அதற்குள் நடைபாதை போட்ட கதையே மறந்திருக்கும்.

ஆணிவேர் ஆழத்தில் போய்க் குடித்துக்கொள்ளாதா என்று பலர் கேட்கிறார்கள். வளர்ந்த மரத்தில் நீரை உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒன்றிரண்டு அடி ஆழத்துக்குள்தான் இருக்கிறது. பக்கவாட்டில் அவை கிளைகளின் நிழலையும் தாண்டிப் போகும். அந்தப் பரப்போடு ஒப்பிட்டால் ஒரு மீட்டர் என்பது மிகக் குறைந்தபட்சம். நடைபாதையை வேர் தூக்குவதற்கும் காரணம் இதுதான். கல்லுக்கு அடியில் ஈரம் காயாமல் தங்குகிறது, கல்லுக்கும் இறுகிய மண்ணுக்கும் நடுவே கொஞ்சம் காற்றும் கிடைக்கிறது. வேர் அங்கே புகுந்து பருக்கிறது, கல் எழும்புகிறது. உடனே வேரை வெட்டுகிறார்கள்.

அந்த வெட்டுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. அடிமரத்தை ஒட்டிய தடித்த வேர்கள்தான் மரத்தைத் தாங்கிப் பிடிப்பவை. நடைபாதைக்கு ஒருபுறம், மழைநீர் வடிகாலுக்கு மறுபுறம் என்று அவற்றை வெட்டிவிட்டால் பெருங்காற்றில் மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை போன்றவற்றின் இயல்பும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும் வேர் பரவ இடமே இல்லாமல் நின்ற மரங்களும் நம் தெருக்களில் ஏராளம்.

சரி, மழைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 3.14 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. அந்த வட்டத்தின் மேல் மட்டும் 4,400 லிட்டர் அளவுக்கு நீர் விழுகிறது. ஆரத்தை ஓர் அடியாகக் குறைத்தால் அது சுமார் 400 லிட்டர்தான். "பேவர் பிளாக் நடுவே தண்ணீர் இறங்குமே" என்பார்கள். அடியில் மணலும் சல்லியும் மட்டும் இருந்தால் ஓரளவு இறங்கும். கான்கிரீட் தளம் போட்டு அதன்மேல் பதித்திருந்தால் இறங்காது. இடுக்குகளில் தூசி அடைந்த பிறகும் இறங்காது.

நடப்பவர்களுக்கு வழி வேண்டும் என்பதும் நியாயமான கோரிக்கை. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது அவசியம். குறுகலான தெருவில் இரண்டையும் எப்படிப் பொருத்துவது? மரத்தடியில் ஓட்டைகள் உள்ள இரும்புத் தட்டு போடலாம், அடியில் மண் இறுகாது. வட்டத்தைச் சதுரமாக்காமல் சாலை நீளவாக்கில் நீள்சதுரமாக விடலாம். அதன் மண்மட்டத்தை நடைபாதையைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்த்திவிட்டால் ஓடிவரும் மழைநீரும் உள்ளே வரும். வளர்ந்த மரம் ஒரு நாளில் 100 லிட்டர் நீரை ஆவியாக்கினால், அது சுமார் 68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த நீர் போய்ச் சேர வேண்டிய வாசல் இந்த நீள்சதுரம்தான்.

எங்கள் புங்க மரத்துக்காக அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தோம். கடைசியில் இரண்டு பேர் கடப்பாரையோடு வந்து கல்லைப் பெயர்த்தார்கள். அடியில் இருந்த மண் செங்கல்லைப்போல இறுகியிருந்தது. அதை உழக்கூடாது, வேர் அறுந்துவிடும். சருகை மட்டும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினோம். முதல் வாரம் அம்மா ஊற்றிய ஒரு வாளித் தண்ணீர் அரைமணி நேரம் தேங்கி நின்றது. இரண்டு மழைக்காலம் போய்விட்டது. சருகைக் கிளறினால் இப்போது மண்புழு தெரிகிறது. வாளியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்வதற்குள் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது.